நாய் முடியும் பூனைச் செதிளும்

லாப்ரடார் நாய்க்கு ரோமம் இரண்டு அடுக்கு. மேலே தெரிவது சற்றுத் தடித்த காவல் முடி. அதன் அடியில் மெல்லிய, அடர்த்தியான உள்முடி. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் இந்த உள்முடி கொத்துக் கொத்தாகக் கழன்று விழும். மற்ற மாதங்களிலும் கொட்டுவது முழுதாக நிற்பதில்லை. அமெரிக்காவில், சுவரிலிருந்து சுவர் வரை கார்ப்பெட் ஒட்டிய வாடகை வீட்டில் இப்படி ஒரு நாயை வளர்ப்பவர்களுக்கு வேக்குவம் கிளீனர் அன்றாடத் தேவை. கடைக்குப் போனால் 100 டாலரிலிருந்து பல நூறு டாலர் வரை வரிசையாக நிற்கின்றன. பல பெட்டிகளில் நாய் படமும் பூனை படமும் சிரிக்கின்றன. எதை வாங்குவது?

பதில் சொல்ல வேண்டியவை இயற்பியலும் உயிரியலும். செல்லப் பிராணி உள்ள வீட்டில் சிக்கல் இரண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் முடி. மற்றொன்று, கண்ணுக்குத் தெரியாத தோல் செதிள். முடியைக் கிளப்பி எடுப்பது பிரஷ். செதிளைப் பிடித்து வைப்பது ஃபில்டர். இரண்டில் எது நம் வீட்டை அதிகம் வாட்டுகிறது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போகிறவருக்கு வீண் செலவு வராது.

ஒரு முடி கார்ப்பெட்டுக்குள் போகும் வழி

உதிர்ந்த நாய் முடி ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தால் அதன் மேற்பரப்பு வழவழப்பாக இல்லாததைக் காணலாம். மெல்லிய செதில்கள் ஒன்றன் மேல் ஒன்று படிந்து, எல்லாமே முடியின் நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். வேர்ப்பக்கத்திலிருந்து நுனிப்பக்கம் விரலால் தடவினால் சுலபமாக வழுக்கும்; எதிர்த்திசையில் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். இதனால் முடிக்கு ஒரே திசையில் நகரும் குணம் வந்துவிடுகிறது. அசைவு கிடைக்கும்போதெல்லாம் வேர்முனை முன்னால் போகும், பின்னால் திரும்பாது. கம்பளி ஆடையை வெந்நீரில் அலசிக் கசக்கினால் இறுகிச் சுருங்குவதற்கும் இதே குணம்தான் காரணம்.

கார்ப்பெட்டில் விழுந்த முடியின் மேல் நாம் நடக்கிறோம், குழந்தைகள் ஓடுகிறார்கள், நாயே புரள்கிறது. ஒவ்வொரு மிதியிலும் இழைகள் வளைந்து நிமிர்கின்றன. அந்த அசைவில் முடி கொஞ்சம் கொஞ்சமாக இழைகளுக்குள் புகுந்து பின்னிக்கொள்கிறது. கார்ப்பெட் நைலானாக இருந்து, குளிர்காலத்தில் ஹீட்டரால் வீட்டுக் காற்று வறண்டும் போனால், உராய்வில் நிலைமின்னூட்டம் உண்டாகி முடியை மேலும் ஒட்ட வைக்கும்.

இப்படிப் பின்னிக்கொண்ட முடியை வெறும் காற்றோட்டம் கிளப்பாது. மணல் துகளை ஓடும் காற்று தூக்கிச் செல்லும். இழைகளுக்குள் படுத்துக் கிடக்கும் மெல்லிய முடியின் மேலோ காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். முதலில் யாராவது அதைச் சீவி எழுப்ப வேண்டும். அதற்காகத்தான் பிரஷ்.

பிரஷும் காற்றும் சேர்ந்த கதை

பிரஷ் முதலில் வந்தது, காற்று பிறகு வந்தது. மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் மெல்வில் பிஸ்ஸெல் பீங்கான் பாத்திரக் கடை வைத்திருந்தார். பாத்திரங்கள் உடையாமலிருக்கப் பெட்டிகளில் நிரப்பி வந்த மரத்தூள் கடையின் கம்பளத்தில் கொட்டி உயிரை வாங்கியது. தள்ளும்போது சக்கரத்தோடு சேர்ந்து பிரஷும் சுழலும் ஒரு பெருக்கும் கருவியைச் செய்து 1876-இல் அவர் காப்புரிமை பெற்றார். 1889-இல் அவர் இறந்த பிறகு மனைவி அன்னா பிஸ்ஸெல் நிறுவனத்தை ஏற்று நடத்தி வளர்த்தார்.

காற்றின் பக்கம் 1901-இல் பிரிட்டனில் திறந்தது. ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் காற்றை உறிஞ்சித் தூசு எடுக்கும் இயந்திரத்தை அமைத்தார். அது குதிரை வண்டியில் ஏற்றி வீட்டு வாசலில் நிறுத்த வேண்டிய அளவுக்குப் பெரியது. நீண்ட குழாய்களை ஜன்னல் வழியே உள்ளே விட்டுச் சுத்தம் செய்தார்கள்.

இரண்டையும் ஒரே கைப்பிடியில் சேர்த்தவர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர். ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் ஊரில் ஒரு பெரிய கடையில் இரவில் துப்புரவு வேலை பார்த்தவர், ஆஸ்துமா நோயாளி. கம்பளம் பெருக்கும்போது எழும் தூசு அவர் மூச்சை அடைத்தது. 1907-இல் ஒரு மின்விசிறி மோட்டார், ஒரு பெட்டி, துடைப்பக் கம்பு, ஒரு தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டு ஒரு கருவி செய்தார். முன்னால் சுழலும் பிரஷ் தூசைக் கிளப்பும், விசிறி அதை உறிஞ்சும், தலையணை உறை பிடித்து வைக்கும். 1908 ஜூன் 2-இல் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டில் அதை வாங்கியவர் தோல் பொருள் வியாபாரி வில்லியம் ஹூவர். கார் வந்தபின் குதிரைச் சேணத்துக்கு எதிர்காலம் இல்லை என்று உணர்ந்து வேறு தொழில் தேடிக்கொண்டிருந்தவர் அவர்.

இன்று அப்ரைட் என்று விற்கப்படும் நிமிர்ந்து நிற்கும் கருவியின் உடலமைப்பு அன்று தீர்மானமானதுதான்: கீழே சுழலும் பிரஷ், நடுவே விசிறி, மேலே தூசுப்பை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜார்ஜியா மாநிலத்தின் டால்டன் நகரைச் சுற்றி எழுந்த ஆலைகள் நைலான் கார்ப்பெட்டை மலிவாகத் தயாரித்துத் தள்ளின. அமெரிக்க வீடுகளின் தரை முழுக்கக் கார்ப்பெட் பரவியது. அதனால்தான் அங்கே அப்ரைட் நிலைத்தது. மரத்தரையும் ஓட்டுத்தரையும் மிகுந்த ஐரோப்பியக் கண்டத்தில், தரையோடு இழுத்துச் செல்லும் சக்கர வகையே பழகிப்போனது.

பெட்டியின் மேல் உள்ள எண்கள்

கடையில் முதலில் கண்ணில் படுவது ஆம்பியர், வாட், பாஸ்கல் எண்கள். இவற்றில் எதுவும் ஒரு கருவி எவ்வளவு முடி எடுக்கும் என்று சொல்வதில்லை.

அமெரிக்காவில் மின் அழுத்தம் 120 வோல்ட். வீட்டின் சாதாரண மின்சுற்று 15 ஆம்பியர் தாங்கும். அதில் செருகும் கருவிகளைப் பாதுகாப்புக்காக ஏறத்தாழ 12 ஆம்பியருக்குள் அமைக்கிறார்கள். 120 ஐ 12 ஆல் பெருக்கினால் 1,440 வாட். மலிவான கருவியும் விலை உயர்ந்த கருவியும் இந்த எல்லைக்குள்தான் இருந்தாக வேண்டும். 12 ஆம்பியர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், அது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதற்குத்தான் கணக்கு.

பாஸ்கல் கணக்கு வேறு மாதிரி ஏமாற்றும். கருவிக்குள் விசிறி சுழன்று காற்றை வெளியே தள்ளும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1,01,000 பாஸ்கல். அந்த வெளிக்காற்றுதான் வாய் வழியே உள்ளே பாய்ந்து தூசையும் தள்ளிக்கொண்டு போகிறது. பெட்டியில் போட்டிருக்கும் 20,000 பாஸ்கல் என்பது, கருவியின் வாயை முழுக்க அடைத்துவிட்டு அளந்த அழுத்தக் குறைவு. இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவின் அடியை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். கன்னம் குழிந்துபோகும், வாய்க்கு ஒரு சொட்டும் வராது. உறிஞ்சும் அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது ஓட்டம் பூஜ்யம்.

தூசை நகர்த்துவதற்கு அழுத்தமும் வேண்டும், ஓட்டமும் வேண்டும். இரண்டின் பெருக்கலே காற்றுக்குக் கிடைக்கும் திறன். தரையில் ஓடும்போது 10,000 பாஸ்கல் அழுத்தக் குறைவில் நொடிக்கு 20 லிட்டர் காற்று போகிறது என்றால், அந்தத் திறன் 200 வாட். 1,440 வாட் மின்சாரத்தில் மிச்சமெல்லாம் வெப்பமாகவும் இரைச்சலாகவும் பிரஷைச் சுழற்றவும் போகிறது. வாய் எப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது, குழாய் எத்தனை இடத்தில் வளைகிறது, எங்கே கசிகிறது என்பவைதான் அந்த 200 கூடுமா குறையுமா என்று முடிவு செய்கின்றன.

இதை ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாகவே எழுதியது. வேக்குவம் கிளீனர் 1,600 வாட்டைத் தாண்டக் கூடாது என்று 2014-இலும், 900 வாட்டைத் தாண்டக் கூடாது என்று 2017-இலும் எல்லை வகுத்தது. கருவிகள் சந்தையிலிருந்து மறையவில்லை. தயாரிப்பாளர்கள் வாயையும் காற்றுப் பாதையையும் திருத்திக்கொண்டார்கள். அதோடு வந்த மின்திறன் முத்திரைக்கு வேறு கதி நேர்ந்தது. பை காலியாக இருக்கும்போது சோதித்துத் தரம் போட்டார்கள் என்று டைசன் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. உண்மையான பயன்பாட்டுக்கு அந்தச் சோதனை ஒத்துவராது என்று கூறி 2018-இல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. நாய் வளர்ப்பவருக்கு இதில் நேரடிப் பாடம் உண்டு. புதுக் கருவி கடையில் எப்படி உறிஞ்சுகிறது என்பதைவிட, முடியும் செதிளும் பாதி நிரம்பிய பிறகு எப்படி உறிஞ்சுகிறது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

கண்ணுக்குத் தெரியாத பாதி

பூனை முடியால் தும்மல் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். முடி வெறும் வண்டிதான். தும்மலைக் கிளப்புவது பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஊறும் ஒரு புரதம். அதன் பெயர் ஃபெல் டி 1. பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது முடியில் பூசிக்கொள்கிறது. காய்ந்து, தோல் செதிளோடு சேர்ந்து தூளாக உதிர்கிறது. நாய்க்கும் இதுபோல கேன் எஃப் 1 என்ற புரதம் உண்டு. முடி கொட்டாத நாய் இனத்தை வாங்கினாலும் ஒவ்வாமை தீராமல் போவதற்குக் காரணம் இதுதான்.

பூனைப் புரதத்தைச் சுமக்கும் துகள்களில் கணிசமானவை 5 மைக்ரானுக்கும் சிறியவை. மனிதத் தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டால் அளவு புரியும். இவ்வளவு சிறியவை மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், உடையில் ஒட்டிக்கொண்டு பூனையே இல்லாத பள்ளிக்கூடம் வரை போகும். வீட்டை விட்டுப் பூனை போன பிறகும் மாதக்கணக்கில் கார்ப்பெட்டில் தங்கியிருக்கும்.

சாதாரண ஃபில்டர் கொண்ட கருவி இந்தத் துகள்களை முன்பக்கம் உறிஞ்சிப் பின்பக்கம் ஊதிவிடும். தரையில் அமைதியாகக் கிடந்ததை மூக்கின் உயரத்துக்குக் கிளப்பிவிட்ட கதையாகும். இதற்குத்தான் ஹெப்பா ஃபில்டர். 1940-களில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் துகள்களைப் பிடிக்க வளர்த்தெடுத்த தொழில்நுட்பம் இது. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்தால்தான் அமெரிக்க அளவுகோலில் ஹெப்பா. 0.3 என்று குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய துகள்கள் காற்றோடு வளைந்து திரும்ப முடியாமல் இழையில் மோதிக்கொள்ளும். மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகளின் இடியில் தள்ளாடித் தள்ளாடி இழையைத் தொட்டுவிடும். இரண்டிலும் சேராமல் தப்பிக்க வாய்ப்புள்ள அளவு ஏறத்தாழ 0.3 மைக்ரான். அதையே பிடித்தால் மற்றவை சுலபம்.

மலிவான பெட்டிகளில் ‘ஹெப்பா போன்றது’, ‘ஹெப்பா வகை’ என்று எழுதியிருக்கும். அந்தச் சொற்களுக்கு எந்த அளவுகோலும் இல்லை. உண்மையான ஹெப்பா இருந்தாலும், கருவியின் மூட்டுகளில் கசிவு இருந்தால் பயனில்லை. காற்று எதிர்ப்புக் குறைந்த வழியைத்தான் தேடும்; நெருக்கமான ஃபில்டரை விட்டுவிட்டு விரிசல் வழியே வெளியேறும். கருவி முழுவதும் கசிவில்லாமல் அடைக்கப்பட்டது என்று தயாரிப்பாளர் தனியாகச் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். வாங்கிச் சில வாரம் ஓட்டிய பிறகு ஃபில்டர் மூடியைக் கழற்றி, ரப்பர் விளிம்பின் வெளிப்பக்கத்தை உற்றுப் பாருங்கள். அங்கே சாம்பல் நிறக் கோடு படிந்திருந்தால் தூசு அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

பையா, டப்பாவா

பை இல்லாத கருவியை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர் ஜேம்ஸ் டைசன். 5,127 மாதிரிகள் செய்து பார்த்து அவர் உருவாக்கிய முறையில் காற்று ஒரு கூம்புக்குள் சுழல்கிறது. கனமான துகள்கள் வெளிச்சுவருக்கு வீசப்பட்டுக் கீழே விழுகின்றன. 1993-இல் பிரிட்டனில் அவர் கருவி விற்பனைக்கு வந்தது. இன்று 100, 150 டாலர் கருவிகளும் இந்த முறையைப் பின்பற்றுகின்றன.

முடிக்கும் மணலுக்கும் சுழல் முறை நன்றாகவே வேலை செய்யும். துகள் சிறுக்கச் சிறுக்க அதை வெளியே வீசும் விசை வேகமாகக் குறைந்துவிடும். செதிள் காற்றோடு போய் ஃபில்டரில்தான் நிற்கும். அதனால் செல்லப் பிராணி வீட்டில் ஃபில்டர் சீக்கிரம் அடையும், காற்றோட்டம் தளரும், கருவி சத்தம் போடும் ஆனால் எடுக்காது. கழுவத்தக்க ஃபில்டராக இருந்தால் மாதம் ஒருமுறையாவது கழுவி, ஒரு முழு நாள் காயவிட்டுத்தான் மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பிடிக்கும், நாய் நாற்றம் அறை முழுக்க வீசும்.

டப்பாவைக் குப்பைத் தொட்டியில் கவிழ்க்கும்போது எழும் புகைமண்டலம் இன்னொரு சிக்கல். அவ்வளவு நேரம் உழைத்துப் பிடித்த செதிள் முகத்துக்கே திரும்பி வரும். பையுள்ள கருவியில் பையின் வாயை மூடி அப்படியே எறிந்துவிடலாம். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் பைக்கு ஆகும் செலவு மருந்துச் செலவைப் போலவே அவசியமானது.

தெள்ளுக்கும் இதுவே மருந்து

நாய்க்கும் பூனைக்கும் பொதுவாக வருவது பூனைத் தெள்ளு. முட்டை பிராணியின் மேல் இட்டாலும் வழுக்கித் தரையில் விழும். புழு கார்ப்பெட்டின் அடியில் வளரும். கூட்டுக்குள் புகுந்த பிறகு அதிர்வும் வெப்பமும் மூச்சுக்காற்றும் படும்வரை வெளியே வராமல் காத்திருக்கும்.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சாதாரண அப்ரைட் கருவியால் தெள்ளுகளை உறிஞ்சி என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். 2007-இல் வெளியான முடிவின்படி, உள்ளே போன வளர்ந்த தெள்ளுகளில் சராசரியாக 96 விழுக்காடு செத்தன. சோதித்த புழுவும் கூட்டுப்புழுவும் ஒன்றுகூடத் தப்பவில்லை. பிரஷும் விசிறியும் காற்றும் தெள்ளின் மேல்தோலின் மெழுகுப் பூச்சைச் சிதைத்துவிடுகின்றன என்று அவர்கள் கருதினார்கள். பிரஷின் அதிர்வு கூட்டுக்குள் இருப்பதையும் வெளியே வரத் தூண்டும். தெள்ளு மருந்து போட்ட வாரங்களில் தினமும் கார்ப்பெட்டை ஓட்டச் சொல்வதற்கு இதுவே காரணம்.

கடையில் கருவியைக் கவிழ்த்துப் பாருங்கள்

குறைந்த விலையில் நல்லதைத் தேடுகிறவர் முதலில் செய்ய வேண்டியது, காட்சிக்கு வைத்த கருவியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பது. பிரஷின் நார்கள் வாயின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்ப்பெட்டைத் தொடாது. பிரஷ் உருளையை ஒரு நாணயத்தாலோ இரண்டு திருகைக் கழற்றியோ வெளியே எடுக்க முடிய வேண்டும். உயரத்தை மாற்றும் திருகு இருக்க வேண்டும். அடர்ந்த கார்ப்பெட்டில் வாய் மிகத் தாழ்ந்தால் காற்று நின்று கருவி நகர மறுக்கும், மிக உயர்ந்தால் பிரஷ் வெறும் காற்றைச் சீவும். மரத்தரைக்குப் போகும்போது பிரஷை மட்டும் நிறுத்த ஒரு சுவிட்ச் வேண்டும். இல்லையென்றால் அது முடியைச் சுவரோரத்துக்கு எற்றிவிடும். சோபாவுக்கும் படிக்கட்டுக்கும் கையடக்கமான சுழல் பிரஷ் ஒன்று கூடவே வந்தால் நல்லது. பூனை படுப்பது தரையைவிட சோபாவில்தான் அதிகம்.

அடுத்து, மாற்றுப் பாகங்களின் விலையைப் பாருங்கள். 120 டாலர் கருவிக்கு ஆண்டுக்கு 30 டாலர் ஃபில்டருக்கும் பிரஷைச் சுழற்றும் பெல்ட்டுக்கும் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் ஐந்து ஆண்டில் 270 டாலர். ஃபில்டர் கிடைக்காமல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தூக்கி எறிந்து புதிது வாங்கினால் அதே ஐந்து ஆண்டில் செலவு அதைத் தாண்டிவிடும், குப்பையும் சேரும். தயாரிப்பாளரே பழுது நீக்கி உத்தரவாதத்தோடு விற்கும் கருவிகளும் உண்டு. ஹெப்பா வேண்டும், கையில் பணம் குறைவு என்பவர்களுக்கு இது நல்ல வழி.

வாங்கிய பிறகு கருவியின் ஆயுளைத் தீர்மானிப்பது ஒரு கத்தரிக்கோல். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, உருளையை மாதம் ஒருமுறை கழற்றுங்கள். நீளமான முடி, நூல், நாய் ரோமம் எல்லாம் வளையம் வளையமாக இறுகியிருக்கும். உருளையின் நீளவாட்டில் பெரும்பாலும் ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். கத்தரியின் ஒரு அலகை அதில் நுழைத்து வெட்டினால் முடி ஏடு ஏடாக உரிந்து வரும். முனைகளைத் தவறாமல் பாருங்கள். மூடிக்குள் புகுந்த முடி பேரிங்கைச் சூடாக்கிப் பிளாஸ்டிக்கையே உருக்கிவிடும். பெல்ட் தளர்ந்திருந்தால் மோட்டார் ஓடும், பிரஷ் சுழலாது. மேலே நின்று தள்ளுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. கருவி கெட்டுவிட்டது என்று எறிபவர்கள் பலருக்குத் தேவைப்பட்டது சில டாலர் பெல்ட்தான்.

ஓட்டும் முறையும் முக்கியம். மெதுவாகத் தள்ளி, இன்னும் மெதுவாக இழுக்க வேண்டும். ஒரு திசையில் முடித்த பிறகு குறுக்காக ஒருமுறை ஓட்டினால் இழைகள் மறுபக்கம் சாய்ந்து ஒளிந்திருந்த முடி வெளியே வரும்.

சென்னையிலோ மதுரையிலோ டைல்ஸ், கிரானைட் தரையில் நாய் வளர்ப்பவர்களுக்கு அப்ரைட் தேவையே இல்லை. அங்கே முடி பின்னிக்கொள்ள இழை இல்லை. ஈரத் துணி மாப்பும், சோபாவுக்கும் மெத்தைக்கும் ஒரு சிறிய கருவியும் போதும். கார்ப்பெட் வீட்டுக்கான விளம்பரத்தைப் பார்த்து அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கார்ப்பெட் உள்ள வீட்டில் முடிவு எளிது. யாருக்கும் ஒவ்வாமை இல்லையென்றால், நல்ல பிரஷும் கழற்றிச் சுத்தம் செய்யும் வசதியும் உள்ள மலிவான பையில்லாக் கருவியே போதும்; மிச்சப் பணத்தை நாயின் தடுப்பூசிக்கு வையுங்கள். வீட்டில் ஒருவருக்காவது இளைப்போ தொடர் தும்மலோ இருந்தால், கசிவில்லாத உடலும் உண்மையான ஹெப்பாவும் பையும் உள்ளதைத் தேடுங்கள். நிறம், எடை குறைந்த உடல், விளக்கு, கூடுதல் துணைக்கருவிகள் ஆகியவற்றை விட்டுக்கொடுக்கலாம். கசிவில்லாத உடல், ஹெப்பா, பை ஆகிய மூன்றையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஓட்டும்போது அந்த நபர் வேறு அறையில் இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஒவ்வாமை கடுமையாக இருந்தால் கருவி மட்டும் போதாது. படுக்கையறைக்குள் பிராணியை விடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் எந்த எண்ணையும்விட, அந்த வீட்டில் மூச்சு விடுகிறவர்களின் நுரையீரலே எதற்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்பதைச் சரியாகச் சொல்லும்.